நிறுத்திப் பார்த்தல்

பூந்தமல்லியில் மெட்ரோத் தூண்கள் எழும்புவதற்கு முந்தைய காலம். குமணன்சாவடியில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தேன். பகலில் ஒரு கம்பெனி வேலை. இரவில் சின்ன இடங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பேன். அதில் ஒன்று நசரத்பேட்டை பக்கம் ஒரு எடைமேடை. லாரி ஏறி நின்றால் இண்டிகேட்டர் பெட்டி காட்டும் எடையை என் நிரல் படித்துச் சீட்டு அடிக்கும்.

வாரத்துக்கு ஓரிரு முறை அது உறைந்துவிடும். எப்போதும் இரவில்தான். ஆபரேட்டர் அண்ணன் போன் செய்வார்.

"தம்பி, மறுபடியும் நின்னு போச்சுப்பா."

"ரீஸ்டார்ட் பண்ணுங்கண்ணா, வந்துரும்."

வந்துவிடும். அதற்குள் வரிசையில் நிற்கும் லாரிக்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள் என்பதால், பெட்டியில் தெரியும் எடையை அவர் கையாலேயே சீட்டில் எழுதிக் கொடுத்திருப்பார். நாலைந்து மாதம் இப்படியே ஓடியது.

ஒருநாள் உரிமையாளர் என்னைக் கூப்பிட்டார். "பகல்ல நிக்காத மெஷின் அவன் ஷிப்ட்ல மட்டும் ஏன் சார் நிக்குது? கைச்சீட்டு எழுதுறதுக்குன்னே ஏதோ பண்றான். இந்த மாசத்தோட அனுப்பிடலாம்னு இருக்கேன்." எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட் செய்யச் சொல்லி, அவருக்குச் சாதகமாக இருந்த ஒரே சாட்சியை அழித்துக்கொண்டிருந்தவன் நான்தான்.

உறைந்த நிரலைக் கொல்லாமல், அந்த நிலையிலேயே நிறுத்திப் பார்க்க வேண்டும். வீட்டில் இருந்தது லினக்ஸ். அதற்கும் ஒரு பதிப்பு வைத்திருந்ததால் அதில் பழகிப் பார்த்தேன். ஜிடிபியில் நிரலை ஓடவிட்டு கன்ட்ரோல்-சி அழுத்தினால், டெர்மினல் 'சிக்இன்ட்' என்ற சிக்னலை அனுப்பும். அது நிரலைச் சேருமுன் கர்னல் நிரலை நிறுத்தி டீபக்கரிடம் தகவல் சொல்லும். நடுவழியில் கடிதத்தைப் பிரித்துப் படிப்பது போல. ஆனால் என் நிரல் நிற்கவில்லை. ஃபைல்களை ஒழுங்காக மூடிவிட்டு வெளியேறியது. எல்லாத் த்ரெட்களிலும் அந்தச் சிக்னலைத் தடுத்துவிட்டு, ஒரு த்ரெட் மட்டும் 'சிக்வெய்ட்' மூலம் அதை வாங்கிக்கொள்ளும்படி நானே எழுதியிருந்தேன். அப்படி வாங்கப்படும் சிக்னல் டீபக்கரின் கண்ணில் படுவதில்லை. யாராலும் தடுக்க முடியாத 'சிக்ஸ்டாப்'பை இன்னொரு டெர்மினலிலிருந்து அனுப்பியபோதுதான் நின்றது.

எடைமேடையில் இருந்ததோ விண்டோஸ். அங்கே இந்தச் சிக்னல் ஏற்பாடே கிடையாது. ஓடும் நிரலை நிறுத்த, டீபக்கர் அதற்குள் புதிதாக ஒரு த்ரெட்டை உருவாக்கும். அது பிரேக்பாயிண்ட் கட்டளையைத் தொட்டதும் மொத்த நிரலும் நிற்கும். மேக்கில் வழக்கம் வேறு: ஜிடிபிக்கு முறையான கையொப்பச் சான்று இல்லையென்றால் அடுத்த நிரலைத் தொடவே விடாது. நில் என்று சொல்வதற்கு ஊருக்கு ஊர் ஒரு மரியாதை இருக்கிறது.

மூன்று இரவுகள் எடைமேடை அறையிலேயே இருந்தேன். மூன்றாம் இரவு, ஒன்றரை மணிவாக்கில், எம்-சாண்ட் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது திரை உறைந்தது. அண்ணன் கை பழக்கத்தில் சுவிட்சுக்குப் போனது.

"தொடாதீங்கண்ணா!"

டீபக்கரை இணைத்து நிறுத்தினேன். முதலில் தெரிந்த ஸ்டாக்கில் என் நிரலின் ஒரு வரிகூட இல்லை. ஒரு கணம் பதறினேன். அது டீபக்கர் உள்ளே அனுப்பிய த்ரெட் என்று பிறகுதான் உறைத்தது. நிறுத்த வந்தவனையே குற்றவாளி என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றத் த்ரெட்களைக் காட்டச் சொன்னதும் விஷயம் விளங்கியது. எடையைப் படிக்கும் த்ரெட் ஒரு பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சீட்டு அடிக்கும் த்ரெட்டிடம் இருந்த பூட்டுக்காகக் காத்திருந்தது. சீட்டு அடிப்பதோ முதல் பூட்டுக்காகக் காத்திருந்தது. இரண்டும் ஒரே நொடியில் மோதினால்தான் இப்படி ஆகும். லாரிகள் நெருக்கியடித்து வருவது இரவில்தான் என்பதால் மோதலும் இரவில்தான்.

"செத்துப் போச்சா தம்பி?"

"இல்லண்ணா, உசுரோடதான் நிக்குது. தப்பு என்னுதுண்ணா."

வெளியே ஹாரன் காதைப் பிளந்தது. டீபக்கரை அப்படியே மூடினால் நிரலும் சேர்ந்து போய்விடும் என்பதால், திரையில் இருந்ததை முதலில் சேமித்துக்கொண்டேன். அண்ணன் அன்றைக்கும் கைச்சீட்டுதான் எழுதினார். பெட்டியைப் பார்த்து, எழுதி, இன்னொரு முறை பெட்டியைப் பார்த்துச் சரிபார்த்த பிறகே கிழித்துக் கொடுத்தார். யாரும் பார்க்காத மற்ற இரவுகளிலும் அப்படித்தான் எழுதியிருப்பார்.

இரு த்ரெட்களும் பூட்டுகளை ஒரே வரிசையில் எடுக்கும்படி மாற்றியதோடு சரியாகிவிட்டது. திருத்தியது நாலு வரிதான். உரிமையாளரிடம் தவறு என்னுடையது என்று விளக்கினேன். "ஓ, அப்படியா" என்றார். அண்ணனை அனுப்பவில்லை, அவரிடம் வருத்தமும் தெரிவிக்கவில்லை. சந்தேகப்பட்டது அண்ணனுக்கு முன்பே தெரியும் என்பதை, கிளம்பும்போது டீ வாங்கிக் கொடுத்து, "இப்பயாச்சும் நின்னு பாத்தியே தம்பி" என்று அவர் சொன்னபோதுதான் உணர்ந்தேன்.

இன்றும் யாராவது போனில் "நின்னு போச்சு" என்றால், "ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிடும். விழுங்கிக்கொண்டு, "தொடாதீங்க, வர்றேன்" என்கிறேன்.