கள்ளக்கடல்

கழக்கூட்டத்தில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுள் நான் அறிந்தவை பெரும்பாலும் உள்நாட்டு ஊர்களிலிருந்து வந்தவை. தென்காசி, சங்கரன்கோவில், மதுரை என்று எங்கெங்கோ பிறந்து, 1990-இல் டெக்னோபார்க் தோன்றிய பின்னர் வேலையை நாடி இங்கே வந்தவர்கள் நாம். என் ஊர் கோவிற்பட்டிக்கு அருகே கரிசற்காட்டில் உள்ளது. ஆண்டுக்கு ஒருமுறை திருச்செந்தூருக்குப் போய்க் கால் நனைத்துத் திரும்புவதைத் தவிர எங்களுக்குக் கடலோடு வேறு உறவு இருந்ததில்லை. இங்கோ வீட்டிலிருந்து நான்கைந்து கிலோமீட்டர் மேற்கே போனால் அரபிக்கடல்! ஞாயிறு மாலைகளில் தும்பா, புதுக்குறிச்சி, பெருமாதுறை என்று குடும்பத்தோடு போய் மணலில் அமர்ந்து சுண்டல் உண்டு வருவதை நான் பத்து ஆண்டுகளாக வழக்கமாக வைத்திருந்தேன். அவ்வளவு பழகியதனாலேயே கடலை அறிந்தவன் என்ற இறுமாப்பும் என்னிடம் வளர்ந்துவிட்டது.

அந்த இறுமாப்பு அடங்கிய நாள் 2024 மார்ச்சு 31. அன்று ஈஸ்டர் ஞாயிறு.

சென்னையை அடுத்த கேளம்பாக்கத்தில் வாழும் என் தங்கை, விடுமுறைக்காகத் தன் மகனையும் மகளையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தாள். பையன் அப்போதுதான் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை முடித்திருந்தான். அவர்கள் வீட்டுக்கு அருகிலுள்ள கோவளத்தில் இளைஞர்கள் பலகைமீது நின்று அலைச்சறுக்கு ஆடுவார்கள். அவனும் ஓராண்டாக அதைப் பழகிவந்தான். நம் திருவனந்தபுரத்திற்குத் தெற்கேயும் ஒரு கோவளம் உண்டு. அங்கும் அவ்விளையாட்டு நடக்கிறது. வடக்கே வர்க்கலையிலும் நடக்கிறது. பையன் தன் நுரைப்பலகை ஒன்றை இரயிலில் சுமந்துகொண்டு வந்திருந்தான். வந்த நாள் முதல் "மாமா, அலை எப்படி? மாமா, எப்போது போகலாம்?" என்பதே அவன் பேச்சு.

அன்று காலை நான் கைப்பேசியில் வானிலையைப் பார்த்தேன். மேகமில்லை, மழையில்லை, காற்று மிக மெல்லியது. "இதைவிட நல்ல நாள் கிடைக்காது" என்றேன். பையன் தன் கைப்பேசியில் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். அலைச்சறுக்கு ஆடுவோர் பார்க்கும் அலைக்கணிப்பு அது. "உயரம் ஒன்றரை மீட்டர், இடைவெளி 18 விநாடி, தெற்கும் தென்மேற்கும்; அருமையான அலை, மாமா!" என்று துள்ளினான். ஒன்றரை மீட்டர் எனக்குப் புரிந்தது; என் மார்பளவுதானே என்று எண்ணினேன். 18 விநாடி என்பது என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவனுக்கும் அதன் முழுப்பொருள் தெரிந்திருக்காது. நீண்ட இடைவெளி நல்ல சவாரி தரும் என்ற அளவில்தான் அவன் கற்றிருந்தான்.

பிற்பகலில் தும்பாவுக்கு வடக்கே ஒரு கரையில் இறங்கினோம். பெருநாள் ஆதலால் வள்ளங்கள் கரையேறிக் கிடந்தன. புத்தாடை உடுத்த பிள்ளைகள் ஓடி விளையாடினார்கள். கடலோ எண்ணெய் ஊற்றியதுபோல் பளபளத்துக் கிடந்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம் பெரிய அலையே இல்லை. பிறகு மூன்று நான்கு அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டி மணலில் ஏறின. மறுபடியும் அமைதி. எனக்கு இதில் ஒன்றும் தோன்றவில்லை. வள்ளத்து நிழலில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் மட்டும் எழுந்து வந்து, "சாரே" என்று அழைத்து, பிள்ளைகளை இறக்கவேண்டாம், இன்று கள்ளன் வருகிறான் என்ற பொருள்படத் தம் மொழியில் சொன்னார். காலையிலிருந்து நீர் வழக்கத்தைவிட உள்வாங்கி உள்வாங்கி வருகிறதாம். நான் தலையசைத்தேன். திருட்டைப்பற்றிச் சொல்கிறார் என்று எண்ணிக் கைப்பையை இடுக்கிக்கொண்டேன்! இதை எழுதும்போது இன்றும் வெட்கமாக இருக்கிறது.

பையன் அதற்குள் பலகையோடு நீரில் இறங்கிவிட்டான்.

அடுத்த அலைக்கூட்டம் வந்தபோது, நாங்கள் பாய் விரித்திருந்த மேட்டிற்கே நீர் வந்தது. சீறி வரவில்லை, வெள்ளம் ஏறுவதுபோல் சத்தமின்றி ஏறியது. பாய், செருப்புகள், சுண்டல் பாத்திரம் எல்லாம் மிதந்தன. தங்கை தன் சிறுமியைத் தூக்கிக்கொண்டு முழங்கால் நீரில் தடுமாறினாள். ஏறிய நீர் அத்தனையும் ஒரே வழியாகக் கடலுக்குத் திரும்பியது. அந்த வழியில் பையன் அகப்பட்டுக்கொண்டான். கண் மூடித் திறப்பதற்குள் அவன் தலை சிறு புள்ளியாகிவிட்டது. நான் கத்தினேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை.

முதியவர் இளைஞர்களை ஏவினார். கம்பவலையின் நீண்ட கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு அவர்கள் ஓடினார்கள். ஆனால் நேரே அவனை நோக்கி ஓடவில்லை. கரையோடு வடக்கே ஓடினார்கள். பெரியவர் இரு கைகளையும் உயர்த்திப் பலகையை விடாதே, கரையை நோக்கி நீந்தாதே, பக்கவாட்டில் வா என்று சைகை காட்டிக்கொண்டே இருந்தார். பையன் பலகையை விடவில்லை. அதுவே அவனைக் காத்தது. உள்ளிழுக்கும் ஓட்டம் தளர்ந்த இடத்தில் அவன் வடக்கே திரும்பினான். இருநூறு அடி தள்ளி அடுத்த அலை அவனைக் கரைப்பக்கம் தள்ளியது. கயிற்றோடு நின்றவர்கள் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். எல்லாம் கால்மணி நேரத்திற்குள் நடந்து முடிந்தது என்று என் மனைவி பிறகு சொன்னாள். எனக்குக் கணக்குத் தெரியாது.

வீடு திரும்பும் வரை தங்கை ஒன்றும் பேசவில்லை. கழக்கூட்டம் மேம்பாலத்தருகே வந்தபோது, "அண்ணா, வீட்டில் அவர்களுக்கு இது தெரியவேண்டாம்" என்று மட்டும் சொன்னாள்.

அன்று பொங்கியது எங்கள் கரை மட்டுமன்று. பூந்துறை, வலியதுறை முதலிய இடங்களிலும், கொல்லம், ஆலப்புழை மாவட்டங்களிலும் கடல் வீடுகளுக்குள் புகுந்ததை அன்றிரவே செய்தியில் கண்டோம். காற்றில்லாத, மழையில்லாத நாளில் இது எப்படி நேர்ந்தது? ஹைதராபாத்தில் 1999-இல் நிறுவப்பட்ட இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தார் பின்னர் விளக்கம் தந்தனர். மார்ச்சு நான்காம் வாரத்தில் தென் அட்லாண்டிக்கிலிருந்து ஒரு தாழ்வழுத்தம் தென் இந்தியப் பெருங்கடலை நோக்கி நகர்ந்தது. நம் கரையிலிருந்து ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் தொலைவில் அது எழுப்பிய பேரலைகளே நாட்கணக்கில் பயணம் செய்து, முதலில் இலட்சத்தீவையும் பிறகு கேரளத்தையும் வந்தடைந்தன.

பையன் சொன்ன 18 விநாடியின் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கத் தொடங்கியது. ஓர் அலையின் முகடு கடந்து அடுத்த முகடு வருவதற்கு ஆகும் நேரமே அந்த இடைவெளி. நம் கரைக்கு அருகே வீசும் காற்று எழுப்பும் அலைக்கு அது பெரும்பாலும் ஐந்து முதல் எட்டு விநாடி வரை இருக்கும். 15 விநாடிக்கு மேல் இருந்தால் அந்த அலை வெகுதொலைவில், வேறொரு புயலில் பிறந்தது என்று பொருள். 18 விநாடி அலையின் ஒரு முகட்டிற்கும் அடுத்த முகட்டிற்கும் ஆழ்கடலில் ஏறத்தாழ 500 மீட்டர் தூரம். அத்தகைய அலைக்கூட்டம் நாளொன்றுக்கு 1,200 கிலோமீட்டர் அளவில் முன்னேறும். வழியில் கப்பலில் நிற்பவனுக்கு அது புலப்படவே புலப்படாது. கடல் மெல்ல மூச்சு விடுவதுபோல் இருக்கும். கரையை நெருங்கித் தரை தட்டும்போதுதான் அது தன் உயரத்தைக் காட்டும். ஒன்றரை மீட்டர் உயரமுள்ள ஆறு விநாடி அலை மணலில் உடைந்து அடங்கிவிடும். அதே உயரமுள்ள 18 விநாடி அலை, பின்னால் பெரும் நீர்த்திரளைத் தாங்கி வருவதால், ஏறிக்கொண்டே போகும். கடலேற்ற நேரத்தோடு சேர்ந்துவிட்டால் தெருவுக்கே வந்துவிடும். ஆகவே உயரத்தை மட்டும் பார்த்த நான் பாதிக் கணக்கையே பார்த்தேன்.

அலைகள் இவ்வாறு உலகைச் சுற்றும் என்பது புதிய செய்தி அன்று. வால்டர் மங்க் என்னும் அமெரிக்க அறிஞர், தெற்குப் பெருங்கடலில் பிறந்த அலைகளை 1963-இல் நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை பின்தொடர்ந்து அளந்து காட்டினார். வியப்பு என்னவென்றால், அதே 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21 அன்றுதான் நம் தும்பாவிலிருந்து இந்திய மண்ணின் முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது. அது மேல்வானில் சோடியம் ஆவியைப் பரப்பி அங்குள்ள காற்றை அளந்தது. உயர்வானத்தை அளந்த அந்தக் கரையில் அமர்ந்துகொண்டுதான் நான் காலடியில் வந்த நீரை அறியாமல் இருந்தேன்.

ஆனால் கரையிலுள்ள மீனவர் அறிந்தே இருந்தனர். சொல்லாமல் கொள்ளாமல் வருவதனால் அவர்கள் அதற்குக் கள்ளக்கடல் என்று பெயரிட்டார்கள். கேரள அறிவியலார் இதனை ஆராய்ந்து எழுதியபோது அந்தப் பெயரையே கையாண்டனர். 2012-இல் யுனெஸ்கோவும் அதனை ஏற்றுக்கொண்டது. நம் காதுக்கும் விளங்கும் சொல் அது! ஹைதராபாத் மையம் 2020 முதல் இதற்கெனத் தனி முன்னறிவிப்பும் தந்துவருகிறது.

முதியவரை மறுவாரம் தேடிச் சென்று நன்றி கூறினேன். முன்னறிவிப்பைப்பற்றிக் கேட்டேன். அவர் உடனே மறுமொழி சொல்லவில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக்கடலில் உருவானபோது, முந்தைய நாளே கடலுக்குப் போயிருந்தவர்களை எச்சரிக்கை எட்டவில்லை. இந்தக் கரையிலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் எத்தனையோ வீடுகள் அன்று ஆண்துணையை இழந்தன. "அன்று சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை, இப்போது சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், சொல்லும் நாளெல்லாம் வீட்டிலிருந்தால் உலை எப்படிக் கொதிக்கும்?" என்றார். அவர் வருத்தம் எனக்குப் புரிந்தது. எனினும் அவருக்கும் நமக்கும் ஒரு வேற்றுமை உண்டு. அவர் எச்சரிக்கைக்குக் கீழ்ப்படிந்தால் ஒருநாள் கூலியை இழக்கிறார். நாம் இழப்பது ஒரு வேளைச் சுண்டல்.

நம் வீடுகளுக்கு வேறொரு இடர்ப்பாடு உண்டு. கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் அறிவிப்புகள் இங்கே மலையாள நாளிதழ்களிலும் தொலைக்காட்சியிலும் வருகின்றன. நம் பெண்டிருள் பலர் மலையாளம் பேசுவர். எழுத்துப் படிப்பவர் சிலரே. ஆகவே காதால் அறியவேண்டிய சொற்களைக் குறிக்கிறேன். "கள்ளக்கடல்" என்றோ, "உயர்ந்ந திரமால" என்றோ, "ஜாக்ரதா நிர்த்தேசம்" என்றோ கேட்டால் நின்று கவனியுங்கள். "காப்பில் முதல் பொழியூர் வரை" என்று தொடர்ந்தால் அது திருவனந்தபுரம் மாவட்டக் கரை முழுவதையும் குறிக்கும். நம் தும்பாவும் பெருமாதுறையும் அதனுள் அடங்கும். "நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை" என்றால் அது கன்னியாகுமரி மாவட்டம்; நாகர்கோவில் உறவினர்க்கு உடனே தொலைபேசியில் சொல்லுங்கள். 2024 மே 6 அன்று அந்த மாவட்டத்தில், கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில், பயிற்சி மருத்துவ மாணவர் ஐவர் அலையில் இழுக்கப்பட்டு இறந்தனர். கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பிலிருந்த நாட்கள் அவை.

மாதத்தையும் நோக்கவேண்டும். சூன் முதல் ஆகசுட்டு வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும்; அதனை மழையே நமக்குச் சொல்லிவிடும், யாரும் இறங்கமாட்டோம். ஏப்பிரலும் மேயும் அப்படியல்ல. நம் வானம் தெளிந்திருக்கும்போதே தெற்குப் பெருங்கடலில் புயல்கள் வலுக்கத் தொடங்குகின்றன. கள்ளக்கடல் மிகுதியாக வருவது அப்பருவத்தில்தான். ஊரிலிருந்து பிள்ளைகள் நம் வீடுகளுக்கு விடுமுறைக்கு வருவதும் அப்போதுதான். பெருமாதுறைக்கு அருகேயுள்ள முதலப்பொழித் துறைவாயிலோ தனிக் கதை. அலைதடுப்புச் சுவர்களுக்கிடையே மணல் மேடிட்டு அலை உடையும் அவ்விடத்தில் கடலிலேயே பிறந்து வளர்ந்தோர் பலர் வள்ளம் கவிழ்ந்து மாண்டிருக்கின்றனர். அங்கே சுவர்மீது நின்று படம் பிடிக்கும் நம் இளைஞர்களைப் பார்த்தால் எனக்கு உள்ளம் பதறுகிறது.

பையன் அலைச்சறுக்கை விடவில்லை. விடச்சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. இங்கே வரும்போதெல்லாம் தெற்கே கோவளத்தில், பயிற்றுநர் உள்ள இடத்தில் மட்டும் ஆடுகிறான். காலையில் உயரத்திற்கு முன்னே இடைவெளியை எனக்குப் படித்துக் காட்டுகிறான். 15-க்கு மேல் போனால் இருவரும் வீட்டில் சதுரங்கம் ஆடுகிறோம். இதனை எழுதுவதற்குத் தங்கையின் இசைவைக் கேட்டேன். எழுது என்றாள், ஆனால் இதழ் அச்சாகி வருமுன் தானே தன் கணவரிடம் சொல்லிவிடுவதாகக் கூறினாள். சென்ற வாரம் சொல்லிவிட்டாளாம். மைத்துனர் இன்னும் என்னைத் தொலைபேசியில் அழைக்கவில்லை.