தூசு என்னும் நான்காம் துகள்

சில நாட்களாக என் சிந்தையை விட்டு அகலாதிருப்பது ஒரு தூசு. அதன் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கணினிச் சில்லுகளைப் பிளாஸ்மாவால்தான் செதுக்குகிறார்கள். வாயுவின் அணுக்கள் எலெக்ட்ரான்களாகவும் அயனிகளாகவும் பிரிந்த நிலையே பிளாஸ்மா. மின்னலில் காண்பதும் அதுவே. 1980களில், எத்துணை தூய்மை பேணியும் சில்லுகளில் தூசு படிந்தது. 1989இல் ஐ.பி.எம். ஆய்வாளர் கேரி செல்வின் கலனுக்குள் லேசர் ஒளியைச் செலுத்திப் பார்த்தார். தூசு வெளியிலிருந்து வரவில்லை. பிளாஸ்மாவுக்குள்ளேயே பிறந்து, சில்லுக்கு மேலே மேகமாய் மிதந்துகொண்டிருந்தது!

மிதப்பது எவ்வாறு? எலெக்ட்ரான்கள் அயனிகளைவிட மிக விரைந்தோடுபவை. அவை முந்திவந்து தூசின்மேல் ஒட்டிக்கொள்ள, ஒரே மணி ஆயிரக்கணக்கான எலெக்ட்ரான்களைச் சுமக்கிறது. மின்புலம் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. அணு, அயனி, எலெக்ட்ரான் என்னும் மூன்றுடன் நான்காவதாகத் தூசும் சேர்ந்துவிட்ட இதனைத் தூசுப் பிளாஸ்மா என்றும் சிக்கலான பிளாஸ்மா என்றும் அழைக்கிறார்கள்.

ஒன்றையொன்று விலக்கும் இம்மணிகள் தகுந்த சூழலில் படிகம்போல் அணிவகுக்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி ஆறு மணிகள். 1994இல் ஜெர்மனி, தைவான், ஜப்பான் ஆய்வாளர்கள் இதைக் கண்டனர். தூசு மேகத்தில் அலையும் எழும் என்று என்.என்.ராவ், பத்ம காந்த் சுக்லா, எம்.ஒய்.யூ ஆகிய மூவர் 1990இல் கணித்தனர். 1995இல் அமெரிக்காவின் அயோவாவில் அவ்வலை புலப்பட்டது. வேகம் விநாடிக்குச் சுமார் 9 சென்டிமீட்டர். எறும்பூர்வதைப் பார்ப்பதுபோல் இயற்பியலைக் கண்ணாலேயே பார்க்கலாம்! நம் நாட்டில் காந்திநகர் அருகேயுள்ள பிளாஸ்மா ஆய்வு நிறுவனத்திலும் இத்தகைய சோதனைகள் நடைபெறுகின்றன.

இதையெல்லாம் அன்னவாசலில் அமர்ந்து படிக்கையில் மனம் வேறொரு தூசுக்குத் தாவுகிறது. சித்தன்னவாசல் ஓவியங்களைக் காண வருவோர் எங்கள் ஊர் வழியே செல்வர். அவர்கள் கண்ணில் படாதது கல்லுடைப்போரின் மூச்சு. என் தந்தை பல்லாண்டுகள் கல்லுடைத்தவர். சில்லுக்கு மூலப்பொருளான சிலிக்கனே கருங்கல்லின் தூளிலும் ஆக்சிஜனோடு கலந்திருக்கிறது. அத்தூள் நுரையீரலில் தங்கி உண்டாக்கும் நோய் சிலிக்கோசிஸ். படிந்த வடுவை அகற்ற மருந்தில்லை. அந்நோய்தான் அவரைக் கொண்டுசென்றது.

சில்லின்மேல் ஒரு துகள் விழாதிருக்கப் பொறியாளர்கள் கலனின் அமைப்பையே மாற்றினர். அந்த அக்கறையை நான் குறைகூற மாட்டேன்; இக்கட்டுரையை நீங்கள் படிப்பதும் அதன் பயனே. ஆனால் என் தந்தைக்குக் கிடைத்த காப்பு, வாயைச் சுற்றிக் கட்டிய ஒரு துண்டு மட்டுமே. உடைக்குமிடத்தில் நீர் தெளித்தாலே கல்தூள் பெருமளவு அடங்கும். அதற்கு லேசரும் வேண்டாம், பிளாஸ்மாவும் வேண்டாம்.