காவேரிப்பாக்கம்: ஏரி நிறைந்தால் மட்டும் போதுமா?

சென்னையிலிருந்து வேலூருக்குப் பஸ்ஸில் போகிறவர்கள், வாலாஜாபேட்டைக்குச் சற்று முன்னால் காவேரிப்பாக்கத்தைக் கடப்பார்கள். 1752-ல் ராபர்ட் கிளைவின் படையும் பிரெஞ்சுப் படையும் மோதிய இடம் இது என்று சரித்திரப் புத்தகங்கள் சொல்லும். ஊர்க்காரர்களைக் கேட்டால், முதலில் ஏரியைத்தான் காட்டுவார்கள்.

பெயரில்தான் காவேரி. சோறு போடுவது பாலாறு!

பல்லவர் காலத்து ஏரி என்பார்கள். எட்டு கிலோமீட்டர் நீளக் கரை. கரைமேல் ஏறி நின்றால் ஒருபுறம் கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர், மறுபுறம் பச்சைப் பசேலென்று நெல்வயல். நடுவில் மதகுகள்.

வாலாஜா அருகே ஆங்கிலேயர் காலத்தில் கட்டிய பாலாறு அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியே ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. பாலாறு வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் வெறும் மணல். ஓடுகிற சில நாளில் பிடித்துவைத்து, மாதக்கணக்கில் பயிருக்குக் கொடுப்பதுதான் ஏரியின் வேலை.

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியது. காற்று சூடாகச் சூடாக அதிக ஈரத்தைத் தாங்கும். பெய்தால் கொட்டித் தீர்க்கும். அப்படிக் கொட்டும் மழையைச் சேர்த்துவைக்க ஏரியைவிட நல்ல பாத்திரம் இல்லை.

ஆனால், சிக்கல் அதன் பிறகுதான். மார்கழி, தை மாதங்களில் தொடங்கும் நவரைப் பட்ட நெல், பங்குனி வெயிலில்தான் பூத்துப் பால் பிடிக்கும். வெயில் ஏறினால் வயலுக்கு அதிகத் தண்ணீர் வேண்டும். அதே வெயில் ஏரித் தண்ணீரையும் ஆவியாக்கிவிடும். தேவை கூடும்போது இருப்பு குறைகிறது!

தண்ணீர் இருந்தாலும் தப்ப முடியாத ஒன்று உண்டு. பூக்கும் நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் நெல் பதராகும். இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடினால் விளைச்சல் 10 சதவிகிதம் வரை குறைந்ததாக, பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் செய்த ஆய்வு 2004-ல் சொன்னது.

வழி இல்லாமல் இல்லை. வயலில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை. ஓட்டை போட்ட குழாய் ஒன்றை மண்ணில் புதைத்து, உள்ளே நீர்மட்டம் தரையிலிருந்து 15 செ.மீ. கீழே இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும். பூக்கும் சமயத்தில் மட்டும் நீர் நிற்க வேண்டும். இப்படிச் செய்தால் 30 சதவிகிதம் வரை தண்ணீர் மிச்சமாகும்.

ஏரி குறைந்த வருஷத்தில் நெல்லுக்குப் பதில் கேழ்வரகு போடலாம். நெல்லைவிடக் குறைந்த தண்ணீரில் விளையும். களி தின்று வளர்ந்த வேலூர்ப் பக்கத்துக்கு அது புதுசா என்ன?

ஏரியைப் பார்க்க ஏற்ற காலம், வடகிழக்குப் பருவமழை முடிந்த மார்கழி, தை. முடிந்தால் பங்குனியில் இன்னொரு முறை போய்க் கரையில் நின்று பாருங்கள். நம் தட்டில் விழும் சோற்றுக்கு எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்பது அப்போதுதான் புரியும்.