சிவப்பு விளக்கு

அப்பா விட்டுச்சென்ற புரோட்டோன் சாகாவில் அந்தச் சிவப்பு விளக்கை நான் முதலில் பார்த்தது ஈப்போவில், சமிக்ஞை விளக்கில் நின்றிருந்தபோது. எண்ணெய்க் குடுவைப் படம் மினுக்கியது. எக்ஸலேட்டரைக் கொஞ்சம் மிதித்தேன், அணைந்துவிட்டது. அணைந்தால் சரியாகிவிட்டது என்று மூன்று மாதம் ஓட்டினேன்.

பிறகு நானே முடிவுகட்டினேன்: ஆயில் பம்ப் போய்விட்டது. பட்டறைக்குப் போய், “ஹை வால்யூம் பம்பா பாத்துப் போட்டிருங்கண்ணே” என்றேன்.

அவர் பம்பைத் தொடவே இல்லை. சென்சரைக் கழற்றி அந்த இடத்தில் ஒரு கேஜை மாட்டினார். குளிர்ந்த எஞ்சினில் முள் நன்றாகத்தான் நின்றது. அரை மணி நேரம் ஓடிச் சூடானதும், ஐடலில் 4 பிஎஸ்ஐக்கு இறங்கியது.

“1000 சுற்றுக்கு 10னு ஒரு பழைய கணக்கு இருக்கு தம்பி. லைட்டு எரியுறதே ஏறக்குறைய 5க்குக் கீழ போனாத்தான். அப்பவே லேட்டு.”

“அப்ப பம்ப்?”

“பம்ப் ஆயிலத் தள்ளும், அவ்ளோதான். போற வழி இறுக்கமா இருந்தாத்தான் ப்ரெஷர் நிக்கும்.”

கிராங்குக்கும் பேரிங்குக்கும் இடையே இருக்க வேண்டியது தலைமுடியைவிட மெல்லிய இடைவெளி. பேரிங் தேய்ந்தால் ஆயில் அங்கேயே வழிந்துவிடும். பெரிய பம்ப் போட்டால் முள் ஏறும், விளக்கும் அணையும்; தேய்மானம் அப்படியே இருக்கும். நல்ல எஞ்சினில் போட்டாலோ, மிச்ச ஆயில் ரிலீஃப் வால்வு வழியே திரும்பிவிடும். அதைத் தள்ளிய சக்தி வீண், ஆயிலும் சூடேறும்.

சம்பை இறக்கிப் பார்த்தோம். பேரிங்கின் சாம்பல் பூச்சு போய்ச் செம்பு தெரிந்தது.

அப்பா 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மிஞ்ஞா ஈத்தாம் மாற்றி, தேதியைச் சீட்டில் எழுதிக் கதவோரம் ஒட்டுவார். கடைசிச் சீட்டும் அவர் கையெழுத்துதான். அவர் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது.

எஞ்சினை இறக்கினார்கள். புது பேரிங். பம்பின் ரோட்டர் இடைவெளியையும் ஃபீலர் கேஜ் வைத்து அளந்தார், அளவைத் தாண்டியிருந்தது. புது பம்பும் வாங்கினோம், அந்த எஞ்சினுக்கே உரிய சாதாரண அளவில். பம்புக்குள் வாஸ்லின் அடைத்து, பிளக்குகளைக் கழற்றிவிட்டு, முள் ஏறும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டார். அதன் பிறகுதான் சாவியை என்னிடம் கொடுத்தார்.

புதிய சீட்டில் தேதியும் கிலோமீட்டரும் எழுதி ஒட்டினேன். அப்பாவின் சீட்டைக் கிழிக்கவில்லை.