வசீகரா: எட்டாம் நம்பர் பெட் வெர்ஷன்

நைட் டூட்டி முடிச்சு வந்து தூக்கம் வரல. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுத்துக்கோங்க. வசீகரா பாட்டைப் பத்தி. (நோயாளியோட அடையாளங்களை மாத்தியிருக்கேன். அவங்க ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுட்டுத்தான் எழுதுறேன்.)

மொதல்ல ஒரு வாக்குமூலம். எனக்கு கவர் வெர்ஷன்னாலே ஆகாது.

2001ல மின்னலே வந்தப்ப நான் ஸ்கூல் பையன். கௌதம் மேனனுக்கு மொதல் படம், ஹாரிஸ் ஜெயராஜுக்கும் மொதல் படம். தாமரை எழுதி பாம்பே ஜெயஸ்ரீ பாடினது. நிலாவைக் கொண்டா, நட்சத்திரத்தைக் கொண்டான்னு கேக்காம, ஒரே வீட்டுக்குள்ள தினமும் நடக்குற சின்னச் சின்ன விஷயங்களுக்கு ஒரு பொண்ணு ஆசைப்படுற பாட்டு. மினி பஸ்ல கேட்டுக் கேட்டே மனப்பாடம் ஆச்சு. அர்த்தம் புரிஞ்சது ரொம்பப் பின்னாடி.

எம்பிபிஎஸ் படிக்கும்போது ஆல் இந்தியா கோட்டால வந்த ராஜஸ்தான் பையன் ஒருத்தன் ஹாஸ்டல்ல, "ஜரா ஜரா எங்க பாட்டு, நீங்கதான் காப்பி அடிச்சீங்க"ன்னு சொல்லிட்டான். மெஸ்ல பெரிய சண்டை. தமிழ் படம் வந்து சில மாசம் கழிச்சு, அதே 2001லதான் ஹிந்தில ரெஹ்னா ஹை தேரே தில் மே வந்துச்சு. அதே டைரக்டர், அதே மாதவன், பாடினதும் அதே ஜெயஸ்ரீ. அந்தப் படம் தியேட்டர்ல சரியா போகல, டிவில போட்டுப் போட்டுத்தான் வடக்க எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சு. அதனால இன்னிக்கு இந்தப் பாட்டுக்கு ரெண்டு மொழிலயும் கவர் கொட்டிக் கிடக்கு.

பெரும்பாலும் ஒரே ஃபார்முலா. ஒரு கிடார், பாதி வேகம், நிறைய எக்கோ. ஒரு பொண்ணோட ஆசையை தாடி வெச்ச பையன் கண்ணை மூடிட்டுப் பாடுவான். பல்லவி முடிஞ்சா கடை மூடிடும். சரணம் வரைக்கும் போறவங்க கம்மி, ரீல்ஸுக்கு அது தேவையில்லையே.

இப்ப விஷயத்துக்கு வரேன்.

எட்டாம் நம்பர் பெட்ல 43 வயசு அக்கா. காலைல அஞ்சரை மணிக்கு கோலம் போடும்போது கையிலேர்ந்து கோலமாவு டப்பா நழுவியிருக்கு. வலது கை, வலது கால் விழுந்துடுச்சு, பேச்சு சுத்தமா நின்னுடுச்சு. "காத்து பட்டிருக்கும்"னு தைலம் தேய்ச்சு, மந்திரிச்சு, எங்ககிட்ட வந்து சேரும்போது மதியம் ஒன்றரை. ரத்தக்கட்டியைக் கரைக்குற ஊசியை பொதுவா நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். எட்டு மணி நேரம் ஆயிடுச்சு. (வாய் கோணல், ஒரு பக்கம் கை கால் பலவீனம், பேச்சு குழறல். திடீர்னு இதுல ஒண்ணு வந்தாலும் 108 கூப்பிடுங்க. தைலம் அப்புறம் பாத்துக்கலாம்.)

வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுறவர். "நான்தான் சார் லேட் பண்ணிட்டேன்"னு ரவுண்ட்ஸ்ல தினமும் சொல்லுவார்.

அஞ்சாவது ராத்திரி, மணி ரெண்டு இருக்கும். போன்ல வசீகரா கவர் ஒண்ணொண்ணா போட்டுக் காட்டிட்டு இருந்தார். அக்கா விட்டத்தைப் பாத்துட்டே இருந்தாங்க. சிஸ்டர் வந்து "சத்தம் வைக்காதீங்கண்ணே"ன்னதும் போனை அணைச்சுட்டு, அவரே மெல்லமா பாட ஆரம்பிச்சார். சுருதின்னு ஒண்ணு கிட்டவே இல்ல.

அக்கா கூட சேர்ந்து பாடினாங்க. வார்த்தையோட. பல்லவி முழுக்க, கிட்டத்தட்ட தெளிவா. சரணத்துக்கு வந்ததும் நின்னுட்டாங்க.

"சார், பேச்சு வந்துடுச்சு சார்!" அந்த நேரத்துலயே பொண்ணுக்கு போன் பண்ணிட்டார். நான் பக்கத்துல போய், "அக்கா, உங்க பேர் சொல்லுங்க"ன்னேன். வாய் அசைஞ்சுது, சத்தம் வரல. "தண்ணின்னு சொல்லுங்க." வரல. அக்கா அழுதுட்டாங்க. லைன்ல பொண்ணு "ஹலோ, ஹலோ"ன்னுட்டே இருந்தா.

அந்தக் கேள்வியை காலைல கேட்டிருக்கலாம். அவசரப்பட்டுட்டேன்.

பேச்சை உருவாக்குற இடம் நம்மள்ல பெரும்பாலானவங்களுக்கு மூளையோட இடது பக்கம். பாட்டுக்கு வலது பக்கமும் நிறைய வேலை செய்யும். பல தடவை பாடின வரிகள், நாம வாய்ப்பாடு சொல்ற மாதிரி, கோர்வையா தானா வந்துடும். 1745லயே ஸ்வீடன்ல பேச்சு போன ஒருத்தர் சர்ச் பாட்டு பாடினதை எழுதி வெச்சிருக்காங்க. ஆனா பாட முடியறதும் "தண்ணி வேணும்"னு கேக்க முடியறதும் வேற வேற. இதைத்தான் அண்ணனை வராண்டாவுக்குக் கூட்டிட்டுப் போய் சொன்னேன். தலையை ஆட்டினார். "அப்ப அது பேச்சு இல்லையா சார்?"னு மட்டும் கேட்டார்.

எங்ககிட்ட ஸ்பீச் தெரபிஸ்ட் வாரத்துல ரெண்டு நாள்தான் வருவாங்க. 1973ல பாஸ்டன்ல உருவான முறை ஒண்ணை அவங்க அண்ணனுக்குக் கத்துக்கொடுத்தாங்க. சினிமா பாட்டெல்லாம் கிடையாது. தினம் தேவைப்படுற சின்ன வாக்கியத்தை மேல் ஸ்வரம், கீழ் ஸ்வரம்னு ரெண்டுலயே இழுத்துச் சொல்லணும், நோயாளியோட இடது கையைத் தட்டித் தாளம் போடணும், சேர்ந்தே சொல்லணும். எல்லாருக்கும் பலிக்காது, மாசக்கணக்கா ஆகும்.

அண்ணன் அதைக் கேட்டுட்டு, வீட்ல தன் இஷ்டத்துக்கு வசீகரா மெட்டுல தண்ணி, காப்பி, பாத்ரூம், ஃபேன் எல்லாத்தையும் போட்டுப் பாடியிருக்கார். தெரபிஸ்ட் தலையில அடிச்சுக்கிட்டாங்க.

நேத்து சாயங்காலம் மூணாவது மாச ரிவ்யூ. கால் தேறியிருக்கு, கை இன்னும் இல்ல. "சார், நீங்களே பாருங்க"ன்னு என் டேபிள் முன்னாடியே காப்பி பாட்டை ஆரம்பிச்சார். வழக்கம் போல சுருதி எங்கயோ.

அக்கா இடது கையால அவர் தொடையில ஒண்ணு போட்டு நிறுத்தினாங்க. "தப்பு"ன்னாங்க.

மெட்டு எதுவும் இல்லாம.