பாலமுனை வளவுகள்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ் ஒலுவிலைத் தாண்டினால் பாலமுனை. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவே மணல் நிலத்தில் வீடுகள்.

இப்பகுதியில் பெண்ணுக்கு வீடும் வளவும் சீதனமாகக் கொடுப்பது வழக்கம். வளவு உம்மாவுடையது என்பதால், அதில் எதை நடுவது என்பதும் அவர் முடிவுதான். கிணற்றடியில் வாழை, வேலியோரம் முருங்கை, குசினித் தண்ணீர் ஓடுமிடத்தில் வல்லாரை.

2004 டிசம்பர் 26இல் கடல் ஏறியபோது, இலங்கையில் ஆகக்கூடிய உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். கரையோர வளவுகளில் உப்பு படிந்தது. கிணற்றை அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு கூடுமே தவிரக் குறையாது. மணலைக் கழுவித் தருவது மாரி மழைதான். அதுவரை பொறுக்க வேண்டும்.

ஆறுதல் சொல்ல வருவோர் எத்தனை நாள் வருவர்? கத்தரிக் கன்றுக்கோ தினமும் சுபஹுக்குப் பின் தண்ணீர் வேண்டும். அதற்காகவாவது எழும்பத்தானே வேண்டும்! மனம் சோர்ந்தவர்களுக்குத் தோட்ட வேலையையே சிகிச்சையாகக் கொடுக்கும் வைத்தியசாலைகள் வெளிநாடுகளில் உண்டு.

உணவுத் தட்டுப்பாடு வந்த 2022 ஜூனில், வீட்டுத்தோட்டம் செய்யவென அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுக்க அமைச்சரவை தீர்மானித்தது. ஜும்ஆ நாளில் ஆண்கள் எவ்வளவு கொத்தினார்கள் என்பதை வீட்டுப் பெண்களிடம்தான் கேட்க வேண்டும்.

இப்போதைய கவலை வேறு. மூன்று பெண்பிள்ளைகள் என்றால் வளவு மூன்றாகிறது. மிஞ்சும் முற்றத்துக்கும் கொங்கிரீட் போட்டுவிடுகிறார்கள். சகோதரிகளே, மகளின் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டும்போது கிணற்றுப் பக்கம் பத்தடி மண்ணை விட்டுவையுங்கள். மாரி தொடங்கும்போது ஒரு முருங்கைக் கம்பை ஊன்றினால் மணலிலும் பிடித்துக்கொள்ளும்.