தொலைவிலிருந்து ஒரு முழம் பூ

பூவை விலக்கிவிட்டுத் தமிழருடைய நல்லது கெட்டதைப் பேச இயலாது. பெண்ணை உறுதிசெய்யும் நாளைப் 'பூ முடிக்கும் நாள்' என்று வழங்குகிறோம். மணமக்களுக்கு மாலை, பீடத்திற்குச் சரம், தேருக்குத் தோரணம், கல்லறைக்கு உதிரிப்பூ என்று எல்லாவற்றிற்கும் பூ வேண்டியிருக்கிறது. காவிரிக் கரை ஊர்களில் ஆற்றுக்கும் பூ உண்டு. ஆடிப் பதினெட்டாம் நாள் பெருகிவரும் புதுப்புனலைக் கருவுற்ற பெண்ணாகவே எண்ணி, காதோலையும் கருகமணியும் மஞ்சளும் பூவும் நீரில் விட்டு வணங்குவது அங்குள்ள பெண்களின் மரபு. இவ்வளவுக்கும் பூ வைத்திருந்த நம் முன்னோர் பிறந்தநாளுக்கென்று ஒரு பூவைத் தனியே எடுத்து வைத்ததாகத் தெரியவில்லை.

அதற்குக் காரணமும் உண்டு. பிறந்த தேதியே பலருக்குத் தெரியாது. 'பெரிய வெள்ளம் வந்த வருடம்', 'வெள்ளைக்காரன் போவதற்கு முந்தின வருடம்' என்றுதான் பெரியவர்கள் வயதைச் சொல்வார்கள். பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் தம் வசதிக்கேற்ப ஒரு தேதியை எழுதிவிடுவார். ஒரே வகுப்பில் பாதிப் பேர் ஜூன் முதல் தேதியில் பிறந்திருக்கும் வியப்பை நம்முள் பலரும் கண்டிருக்கிறோம். நம் மக்களைப் பொறுத்தவரை உண்மையான தேதி வேறோரிடத்தில் பத்திரமாக இருக்கிறது. அது பங்கின் திருமுழுக்குப் பதிவேடு. திருமுழுக்கு நாளோடு பிறந்த நாளையும் ஊரையும் அதில் குறிக்க வேண்டுமென்று இன்றைய திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 877ஆம் சட்டம் பங்குத்தந்தையைப் பணிக்கிறது. பழைய ஏடுகளிலும் பெரும்பாலும் அவ்வாறே குறித்திருக்கிறார்கள். ஆனாலும் நாம் கொண்டாடியது பெயர்கொண்ட புனிதரின் திருநாளைத்தான். அந்தோணிக்கு ஜூன் 13, சூசைக்கு மார்ச் 19. பிறந்தநாள் ஏட்டோடு நின்றுவிட்டது.

திருவழிபாட்டு நாட்காட்டியும் பிறந்தநாள் விஷயத்தில் சிக்கனமானது. புனிதர்களைப் பெரும்பாலும் அவர்கள் இறந்த நாளில்தான் நினைவுகூர்கிறோம். அதுவே அவர்கள் விண்ணகத்தில் பிறந்த நாள். மண்ணகப் பிறப்பு விழாவாவது மூவருக்கு மட்டுமே: டிசம்பர் 25 இயேசு, ஜூன் 24 திருமுழுக்கு யோவான், செப்டம்பர் 8 அன்னை மரியா. இவற்றுள் அன்னையின் பிறந்தநாளைப் பூவாலேயே கொண்டாடும் ஓர் ஆற்றங்கரை உண்டு. மங்களூரை அடுத்து, நேத்ராவதி ஆற்றின் கரையில் ஒரு பரங்கிப்பேட்டை இருக்கிறது. (நம் கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டை வேறு.) அங்குள்ள மோந்தே மரியானோ ஆலயத்தில், 1763ஆம் ஆண்டில், அருள்தந்தை யோவாக்கிம் மிராண்டா இவ்விழாவைத் தொடங்கினார் என்பது மங்களூர்க் கத்தோலிக்கரின் மரபு. விழாவுக்கு முந்தைய ஒன்பது நாளும் சிறுவர் சிறுமியர் வீட்டுத் தோட்டத்திலும் வேலியோரத்திலும் கிடைத்த பூக்களைத் தட்டுகளில் ஏந்தி வந்து குழந்தை மரியாவின் முன் தூவுகிறார்கள். விலை கொடுத்து வாங்கிய பூ வேண்டுமென்று அங்கே யாரும் கேட்பதில்லை. அந்தந்தப் பிள்ளை தன் கையால் கொண்டுவர வேண்டும் என்பதே வழக்கம். பிறந்தநாள் பூவுக்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் கொண்டுவர வேண்டிய பிள்ளை கடல் கடந்து இருந்தால் என்ன செய்வது?

இக்கேள்விக்கு மேலைநாட்டு வணிகர் ஒரு விடை கண்டனர். 1910ஆம் ஆண்டில் அமெரிக்கப் பூக்கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். ஓர் ஊரில் ஒருவர் பணம் கட்டினால், கடைக்காரர் மற்றோர் ஊரிலுள்ள கடைக்குத் தந்தி அடிப்பார். அந்த ஊர்க் கடையே அங்குள்ள பூவைத் தொடுத்து உரியவர் வீட்டில் சேர்க்கும். எண்ணிப் பார்த்தால் இது எளிய, ஆனால் ஆழமான ஏற்பாடு. பூ பயணம் செய்யவில்லை. சொல் மட்டும் பயணம் செய்தது. போய்ச்சேர்ந்த ஊரின் மண்ணில் விளைந்த பூவாக அந்தச் சொல் மாறியது. நம் நாட்டில் தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிந்துபோனது. இன்று சொல்லை அனுப்பக் கைபேசி போதும். பெருநகரங்களில் சில மணி நேரத்தில் பூங்கொத்து வாசலுக்கு வந்துவிடுகிறது. சிற்றூரின் நிலை வேறு. அங்கே சொல் நொடியில் வந்துவிடும். அதைப் பூவாக மாற்றி எடுத்துச் செல்லும் கை வேண்டுமே!

திருச்சிக்கும் கரூருக்கும் நடுவே, காவிரி அகன்று ஓடும் பகுதியில், ஒரு சிற்றூரில் நான் பணியாற்றிய காலத்தில் இதைக் கண்கூடாகக் கண்டேன். வாழைத் தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலும் சூழ்ந்த ஊர். கடைத்தெருவில் இரண்டே பூக்கடைகள். அவற்றில் சரம் உண்டு, மாலை உண்டு. பூங்கொத்து வேண்டுமானால் திருச்சிக்குச் சொல்ல வேண்டும். ஓசூர்ப் பசுமைக்குடிலில் விளைந்த ரோசாவும் ஜெர்பெராவும் கண்ணாடித்தாள் சுற்றிக்கொண்டு பேருந்தில் ஒன்றரை மணி நேரம் வெயிலில் வாட வேண்டும்.

2016ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் மஸ்கட்டிலிருந்து செவிலியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். எங்கள் பங்கைச் சேர்ந்தவர். "சாமி, அம்மாவுக்கு எழுபத்தஞ்சு வயசு ஆகுது. ஆனா என்னைக்குன்னு தெரியலை. பள்ளிக்கூடச் சான்றிதழ்ல ஜூன் ஒண்ணுன்னு இருக்கு. அது பொய்த் தேதின்னு அம்மாவே சொல்றாங்க. கோயில் ஏட்டுல பார்த்துச் சொல்ல முடியுமா?" என்றார்.

பார்த்தேன். 1941ஆம் ஆண்டின் ஏடு, செல்லரித்த ஓரங்களோடு இலத்தீனில் எழுதப்பட்டிருந்தது. 'பிறந்தாள்' என்று பொருள்படும் ஒற்றைச் சொல்லும், அதையடுத்து மே மாதத்துத் தேதியொன்றும் இருந்தன. மூன்றாம் நாள் திருமுழுக்கு. தேதியைச் சொன்னதும் மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கு, சாமி. என்னால வர முடியாது. அம்மாவுக்குப் பூ அனுப்பணும்" என்றார்.

மாலை அனுப்பலாமா என்று கேட்டேன். அவர் உடனே மறுத்தார். "வேண்டாம் சாமி. வயசானவங்க இருக்கிற வீட்டுக்குள்ள மாலை போனா ஊர் வேற மாதிரி நினைக்கும்." உண்மைதான். பிற்பாடு கடைக்காரரிடம் அந்த அம்மையாரின் பெயரைச் சொன்னபோது, அவர் நாரைக் கீழே வைத்துவிட்டு, "எப்ப சாமி தவறுனாங்க?" என்றுதான் கேட்டார். அவர் கணக்கில் முதியவருக்குப் பூ என்றால் அது ஒன்றுக்குத்தான்.

மகள் கேட்டது நான்கு முழம் மல்லிகைச் சரம். அதற்கு அவர் சொன்ன காரணம் இன்றும் என் நெஞ்சில் நிற்கிறது. "அப்பா 1989இல இறந்தாங்க. அதுவரைக்கும் அம்மா சாயங்காலமானா பூ வைப்பாங்க. அதுக்கப்புறம் வைக்கலை. மாதா பீடத்துக்குக் கட்டிக் குடுப்பாங்க, தெருவுல எந்தக் கல்யாணம்னாலும் கட்டிக் குடுப்பாங்க. அவங்களுக்குன்னு ஒரு முழம் வாங்கிக் குடுக்க யாருக்கும் தோணலை. தலையில வைக்கச் சொல்ல மாட்டேன், சாமி. கையில குடுத்தாப் போதும்."

மல்லிகை அரும்பை விடியலில் பறிப்பார்கள். அது அந்தியில்தான் விரியும். மறுநாள் காலையில் அதன் ஆயுள் முடிந்துவிடும். ஆகவே பிற்பகலில் போய்ச்சேர வேண்டும். விரிவது அந்த அம்மையாரின் கையிலேயே நடக்க வேண்டும். கடைக்காரர் தம் முழங்கையால் நான்கு முழம் அளந்து, விவரம் தெரிந்தபின் கொசுறாக இன்னொரு சாணும் சேர்த்தார். ஈரத் துணியும் வாழையிலையும் சுற்றிக் கட்டினார். உபதேசியாரின் மகள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. அவள் மிதிவண்டியில் எடுத்துச் சென்றாள்.

"யாருக்குடி இது?" என்று கேட்டாராம் அம்மையார். "உங்களுக்குத்தான் பாட்டி. மஸ்கட்லேருந்து அத்தை அனுப்புனாங்க." "எனக்கு எதுக்கு?" என்றவர், பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பிரிக்கவே இல்லையாம். பின்னர் பிரித்து, ஒரு முழத்தை நறுக்கி மாதா படத்திற்குச் சாத்தினார். ஒரு முழம் அந்தச் சிறுமிக்கு. ஒரு முழத்தை எடுத்துக்கொண்டு, தம்மைப் போலவே கணவரை இழந்த அடுத்த வீட்டுப் பெண்ணிடம் தாமே நடந்து சென்றார். மீதியைத் தலையில் வைக்கவில்லை, எவருக்கும் கொடுக்கவுமில்லை. ஞாயிறு திருப்பலிக்குப் பின் என்னிடம் வந்து, "ராத்திரி தலைமாட்டுல வச்சுக்கிட்டேன், சாமி. வீடெல்லாம் மணந்துச்சு" என்று மட்டும் சொன்னார்.

கைம்பெண் பூச்சூடலாகாது என்று நற்செய்தியில் எங்கும் இல்லை. கைம்பெண்களை மதித்து நடத்தும்படியே பவுலடியார் பெயரால் அமைந்த திமொத்தேயு மடல் வலியுறுத்துகிறது. ஆயினும் நம் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றிலும் கணவரை அடக்கம் செய்த அன்றே பெண்ணின் தலையிலிருந்து பூ இறங்கிவிடுகிறது. திருமணத்தில் முன்வரிசையில் நிற்க அவர் தயங்குகிறார். ஆசி கூற அவரை அழைக்க நாமும் தயங்குகிறோம். பூ கணவர் கொடுத்ததாம்; ஆகவே அவரோடு போய்விட வேண்டுமாம்! அந்தப் பெண் சிறுமியாக இருந்தபோது அவளுக்குப் பூ வைத்துவிட்டவர் அவளுடைய தாய் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பிறந்தநாள் பூவுக்கு இங்கே ஒரு தனிப் பொருள் உண்டு. திருமண நாள் இருவருக்கு உரியது. பிறந்தநாள் அந்தப் பெண்ணுக்கு மட்டுமே உரியது. அவர் எவருக்கும் மனைவியாகும் முன்பே இறைவன் அவரைப் பெயர் சொல்லி அழைத்த நாள் அது. கணவரின் இறப்பு அந்நாளை எடுத்துக்கொண்டு போக முடியாது. அதற்குரிய பூவை மறுக்கவும் எவருக்கும் உரிமையில்லை. வைத்துக்கொள்வதும் வைக்காமல் இருப்பதும் அவர் விருப்பம். கொடுப்பது நம் கடமை.

இன்று நம் சிற்றூர்களில் எத்தனையோ வீடுகளில் வயது முதிர்ந்த தாய்மார் தனித்திருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலும் வளைகுடாவிலும் அதற்கப்பாலும் உழைக்கிறார்கள். அவர்களுக்கு அன்பில்லை என்று சொல்வது அநியாயம். மாதந்தோறும் பணம் வருகிறது; வாரந்தோறும் அழைப்பு வருகிறது. அந்த அன்பைத் தெருவைக் கடந்து கொண்டுபோய்க் கொடுக்கும் கைதான் பல நேரங்களில் இல்லை.

ஆகவே, அன்புக்குரியவர்களே, தொலைவில் இருப்போர் முதலில் தங்கள் தாய் பிறந்த நாளைக் கேட்டறியுங்கள். ஏடு பங்கு அலுவலகத்தில் இருக்கிறது. அதைப் புரட்டித் தேட எந்தப் பங்குத்தந்தையும் சலிப்படைய மாட்டார். அவருக்குப் பிடித்த பூ எது, அது எந்நேரத்தில் விரியும் என்பதையும் நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். ஊரிலேயே இருப்போர் யாரேனும் கேட்டால் 'எனக்கென்ன வேலை' என்று எண்ணாமல் அந்தப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நடங்கள். கேட்பார் இல்லாத வீடு உங்கள் தெருவில் இருந்தால், கேட்கும்வரை காத்திராமல் நீங்களே ஒரு முழம் வாங்குங்கள். கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிடாதீர்கள். அரும்பு விரியும்வரை சற்று நேரம் உடன் இருங்கள்.